மல்லிகாவுக்கு நான் போட்ட சைபர்

மல்லிகா தேநீரைக் கோப்பையில் ஊற்றி, அடியில் தட்டு வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள்.

கல்யாணமாகி இருபத்தெட்டு வருடம். எங்கள் வீட்டில் இருந்தவரை அவள் எனக்குத் தட்டு வைத்துக் கொடுத்ததே கிடையாது. பெரிய எவர்சில்வர் குவளைதான். நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேனோ அங்கே டொக்கென்று வைத்துவிட்டு, "ஆறிடும், குடிங்க" என்று சொல்லிக்கொண்டே போய்விடுவாள். ஆனால் இது தாசேக் கெலுகோரில் அவளுடைய அண்ணன் வீடு. இங்கே வருகிறவர்களுக்குத் தட்டோடு கொடுப்பதுதான் வழக்கம். நான் வருகிறவன்.

இரண்டு வருடத்துக்கு மேலாக இப்படித்தான். வாரம் முழுக்கப் பினாங்குத் தீவில் ஒரு வாடகை அறை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஃபெரி ஏறிக் கடலைத் தாண்டி, பட்டர்வொர்த்தில் கொமுட்டர் ரயில் பிடித்து, என் மனைவியைப் பார்க்கப் போவேன். தேய்த்த சட்டை, சீவிய தலை, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். பெண் பார்க்கப் போகிறவன் கெட்டான்.

அன்று வாழைப்பழத்தோடு, நிரப்பிக் கொடுக்க வேண்டிய ஒரு அரசாங்கப் பாரமும் கொண்டு போயிருந்தேன்.

முதலில் என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். நான் நீதிமன்றத்தால் திவாலானவன் என்று அறிவிக்கப்பட்டவன். மாதா மாதம் சம்பளத்திலிருந்து நானூறு வெள்ளி, அதாவது ரிங்கிட், திவால் இலாகாவில் கட்டி வந்தேன். அது எனக்குக் கடன் கொடுத்தவர்களுக்குப் போகும். அந்த நானூறைக் குறைக்கச் சொல்லிக் கேட்க வழி இருக்கிறது. வரவு என்ன, செலவு என்ன என்று மறுபடியும் எழுதிக் கொடுக்க வேண்டும். நான் கொண்டு போனது அந்தப் பாரம்தான்.

குறைந்தால் ஒரு வீடு எடுக்கலாம். தீவிலேயே ஜெலுத்தோங்கில் ஒரு ஃபிளாட் இருந்தது. அடுப்படி உள்ள வீடு, வாடகை அறுநூற்றைம்பது. அடுப்படி இருந்தால் மல்லிகா வருவாள். இதுதான் என் வாழ்க்கையில் அப்போது இருந்த ஒரே விஷயம்.

மல்லிகா ஐந்தாம் படிவம், அதாவது பதினோராம் வகுப்பு வரை படித்தவள். நான் ஆறாம் வகுப்புக்குப் பிறகு வரும் புகுமுக வகுப்பிலேயே மலாய் புரியாமல் ஓடி வந்தவன். அதனால் பாரம் எழுதுவது எப்போதுமே அவள் வேலை. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "பழைய பாரம் நகல் வச்சிருக்கீங்களா? அதைப் பாத்து எழுதிடறேன்" என்றாள்.

கொடுத்தேன். அவள் விரல் ஒவ்வொரு வரியாக இறங்கி வந்தது. பெயர். அடையாளக் கார்டு. வேலை. சம்பளம். பிறகு ஓரிடத்தில் நின்றது.

"இது என்னங்க?"

"எது?"

"'உங்க பராமரிப்புல எத்தனை பேர்'னு கேட்டிருக்கான். நீங்க சைபர் போட்டிருக்கீங்க."

நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கண்ணாடியைக் கழற்றினாள். பாரத்தை மடித்து என் பக்கம் நகர்த்தினாள். வெளியே போய், இன்னும் காயாத துணிகளைக் கொடியிலிருந்து ஒவ்வொன்றாக உருவ ஆரம்பித்தாள்.

நாற்காலிக்காரன்

அந்தச் சைபர் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பள்ளிக்கூடத்தை விட்டு ஓடி வந்த நான், கூடாரம் வாடகைக்கு விடும் ஒருவரிடம் கம்பி தூக்கப் போனேன். கல்யாணம், காதுகுத்து, கருமாதி எதுவானாலும் வீட்டு முன்னால் கூடாரம் போட வேண்டும். மேசை, நாற்காலி, காற்றாடி இறக்க வேண்டும். இருபது வருடம் தூக்கிய பிறகு சொந்தமாகத் தொடங்கினேன். என் நாற்காலியில் உட்காராத தமிழன் தீவில் குறைவு என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். மல்லிகா சிரிப்பாள்: "உக்காந்தவங்க சரி, உடைச்சவங்களையும் சேத்துச் சொல்லுங்க."

புது லோரிக்கும் புதுக் கூடாரங்களுக்கும் பெரிதாகக் கடன் எடுத்தேன். எடுத்த சில மாதத்தில் நோய்க்காலம் வந்தது. ஊரில் யாரும் கூடக் கூடாது என்றார்கள். கூடினால்தானே எனக்குச் சோறு? லோரி போனது, கூடாரங்கள் போயின, கடைசியில் வீடும் ஏலத்தில் போனது.

வீட்டுச் சாவியைக் கொடுத்த அன்று மல்லிகாவின் அண்ணன் சுப்ரா மச்சான் காரைக் கொண்டு வந்தார். "தங்கச்சி ரெண்டு மாசம் எங்கூட இருக்கட்டும் மாப்ள. நீ ஒரு இடம் பாரு" என்றார். நல்ல மனுஷன். பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்து லோரி ஓட்டுகிறவர். கணக்குப் பேசாதவர்.

முதல் மாதச் சம்பளத்தில் நூறு வெள்ளியை மடித்து அவர் கையில் வைத்தேன். திரும்ப என் சட்டைப் பையிலேயே செருகிவிட்டார்.

"தங்கச்சி சோத்துக்குக் காசு வாங்கற வீடா இது? இன்னொரு தடவ நீட்டினா இந்தப் பக்கம் வராத."

அதற்குப் பிறகு நீட்டவில்லை. இரண்டு மாதம் இரண்டு வருடமானது.

பேனாவைப் பிடித்த நாள்

மல்லிகா பக்கத்தில் இல்லாமல், இலாகாவில் முதல்முதலாக நானே பாரத்தை நிரப்பிய நாளை இன்னும் மறக்கவில்லை.

நான் பயந்த சுபாவம். வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். பழுப்பு உறை தபாலில் வந்தால் பிரிக்க ஒரு நாளாகும். அந்தப் பாரத்தின் அடியிலோ, பொய்த் தகவல் கொடுப்பது குற்றம் என்று கறுப்பு எழுத்தில் போட்டிருந்தது. மற்ற மலாய் எல்லாம் மங்கலாகத் தெரிந்தாலும் அந்த வரி மட்டும் பளிச்சென்று புரிந்தது.

உங்கள் பராமரிப்பில் எத்தனை பேர்?

பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தேன். மல்லிகா காலையில் சாப்பிட்ட தோசை யாருடைய மாவு? அண்ணன் வீட்டு மாவு. அவள் போட்டுக்கொள்ளும் சோப்பு யார் வாங்கியது? அண்ணி வாங்கியது. அவள் என் பராமரிப்பில் இருக்கிறாள் என்று எப்படி எழுதுவது? நாளைக்கு இலாகா ஆள் தாசேக் கெலுகோருக்கே போய், "இந்த அம்மாவுக்கு யார் சோறு போடறது?" என்று மச்சானிடம் கேட்டால்? அவர் பொய் சொல்லத் தெரியாதவர்.

சட்டத்துக்குப் பயந்தேன் என்று மட்டும் சொன்னால் அது பாதிதான். மீதி, வெட்கம். பெண்டாட்டியை மச்சான் வீட்டில் சாப்பிட விட்டுவிட்டு, நான்தான் காப்பாற்றுகிறேன் என்று அரசாங்கத்திடம் எழுத எனக்குக் கை வரவில்லை.

சைபர் போட்டேன்.

வெட்கம் ஒரு வரியோடு நிற்கவில்லை. உணவுக்கு நானூற்றைம்பது ஆகிற இடத்தில் முந்நூறு என்று எழுதினேன். கடன்காரன் இவ்வளவு தின்பானா என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி ஓர் இளைஞர். "மனைவி?" என்று கேட்டார். "அண்ணன் வீட்டில இருக்காங்க" என்றேன். அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு மேலே எதுவும் கேட்காமல் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டார். எவ்வளவு நல்ல பிள்ளை, மனதைக் குடையாமல் விட்டாரே என்று நினைத்தேன்.

தனி ஆள், செலவு கம்மி. மாதம் நானூறு என்று முடிவாகி வந்தது.

ஒரு ஆள் செலவு

லிட்டில் இந்தியாவில் ஒரு சேலைக் கடையில் எனக்கு வேலை. மடிப்பு வேலை. ஓர் அம்மா வந்து முப்பது சேலையைப் பிரிக்கச் சொல்லி ஒன்றை எடுத்துக்கொண்டு போவார். மற்ற இருபத்தொன்பதையும் பழைய மடிப்பு மாறாமல் மடித்து அட்டையில் சுற்றி அடுக்க வேண்டும். ஆயிரத்து எழுநூறு வெள்ளி சம்பளம். பிடித்தம் போகக் கையில் ஆயிரத்து ஐந்நூறு.

சேலை மடிக்க இரண்டு பேர் இருந்தால் நல்லது. ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, நடந்து வந்து சேர்த்து, மறுபடி பின்னால் போய், மறுபடி சேர்த்து. நான் தனியாக மடிப்பேன். ஒரு முனையை மோவாயில் இடுக்கிக்கொள்வேன். புதுத்துணியின் கஞ்சி வாசனை மூக்கிலேயே நிற்கும். ஆனால் எனக்கு ஏக்கமாக இருந்தது இந்த வாசனைக்கு இல்லை. துவைத்துத் துவைத்து மெலிந்த சேலையின் வாசனைக்கு.

நானூறு கட்டிய பிறகு, அறைக்கு முந்நூற்றைம்பது. மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய், கைப்பேசி, ஞாயிற்றுக்கிழமைப் பயணம். மிச்சத்தில் சாப்பாடு. பாரத்தில் பெருமைக்கு எழுதிய முந்நூறுக்குள் வாழ முடியுமா என்று ஒரு மாதம் வீம்பாக முயன்று பார்த்தேன். இருபதாம் தேதிக்கு மேல் ரொட்டியும் சீனியும்தான்.

அறையில் சமைக்கக் கூடாது என்பது வீட்டுக்காரர் போட்ட நிபந்தனை. எனக்குச் சமைக்கவும் தெரியாது. ஆனால் சாயங்காலம் பக்கத்து வீட்டில் யாராவது நெத்திலி வறுத்தால், நான் படியில் உட்கார்ந்து அந்த வாசனை அடங்கும்வரை உள்ளே போக மாட்டேன். மல்லிகா நெத்திலி வறுக்கும்போது கொஞ்சம் கருக விடுவாள். "கருகினாத்தான் ருசி" என்பாள். அது உண்மையா, கவனக்குறைவுக்குச் சொன்ன சாக்கா என்று இருபத்தெட்டு வருடத்தில் நான் கண்டுபிடிக்கவில்லை. பக்கத்து வீட்டு நெத்திலி கருகவே இல்லை.

ஹாட்யாய்

இதற்கு நடுவில் ஒரு வேடிக்கை. திவாலானவன் அனுமதி இல்லாமல் நாட்டை விட்டுப் போகக் கூடாது என்று சொன்னார்கள்.

நான் வாழ்நாளில் பாஸ்போர்ட் எடுத்ததில்லை. சிங்கப்பூருக்குக்கூடப் போனதில்லை. ஆனால் போகக் கூடாது என்று சொன்ன அன்றிலிருந்து எனக்கு ஹாட்யாய் போக ஆசை வந்துவிட்டது. தாய்லாந்து எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊர். நம் ஆட்கள் வாரக் கடைசியில் வேனில் போய்ச் சாப்பிட்டு, சாமான் வாங்கிக்கொண்டு வருவார்கள். மல்லிகா நாலைந்து தடவை கூப்பிட்டிருக்கிறாள். "சனி ஞாயிறுலதான் ஆர்டர் இருக்கு, எப்படிப் போறது?" என்று சொல்லியே காலத்தை ஓட்டினேன்.

முடிந்தபோது போகாத ஊரெல்லாம் ஒவ்வொன்றாக நினைவில் வந்து நிற்கும். ஊர் மட்டுமா? மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வாங்க என்று அவள் கூப்பிட்டு நான் வராத நாட்கள் எத்தனை.

சரி. கொடியில் துணி உருவிக்கொண்டிருந்தவளிடம் திரும்பிப் போகிறேன்.

பொய்க் கையெழுத்து

துணிக் கூடையைத் தூக்கிக்கொண்டு மல்லிகா உள்ளே வந்தாள். முகத்தில் அழுகை இல்லை. அழுதிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"பொய் எழுதினா குத்தம்னு போட்டிருந்துச்சு, மல்லி" என்றேன்.

"ஓகோ. நான் உங்க பொண்டாட்டின்னு எழுதறது பொய்யா?"

"பொண்டாட்டின்னு எழுதியிருக்கேன். கல்யாணம் ஆனவர்னு கோடு போட்டிருக்கேன், பாரு. அந்தக் கட்டத்துலதான்…"

"கல்யாணம் ஆச்சு, ஆனா பொண்டாட்டி சைபர். நல்லாருக்கு."

நான் சட்டைப் பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தேன். கடையில் என்னோடு வேலை செய்யும் ராதாவிடம் சொல்லி மலாயில் எழுதி வாங்கியது. 'என் கணவர்தான் என்னைப் பராமரிக்கிறார்' என்று மனைவி சொல்வதாக ஒரு கடிதம். இலாகாவில் யாரும் அதைக் கேட்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று நானாகத் தயார் செய்தது. எனக்கு எதுவுமே 'எதற்கும் இருக்கட்டும்'தான்.

"இதுல ஒரு கையெழுத்துப் போடு. இந்தத் தடவ ஒண்ணுன்னு எழுதிடறேன்."

அவள் படித்துப் பார்த்தாள். மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"நான் போட மாட்டேன்."

"மல்லி…"

"நீங்க எழுதினதுதான் சரி. ரெண்டு வருஷமா நான் அண்ணன் சோத்துலதானே இருக்கேன்? நீங்க பொய் எழுத மாட்டீங்க, நான் மட்டும் பொய்க் கையெழுத்துப் போடணுமா?"

இதற்குள் சுப்ரா மச்சான் குளித்துவிட்டுத் துண்டோடு வந்தார். சத்தம் அவருக்கும் கேட்டிருக்கிறது. "என்ன மாப்ள, நான் ஒரு நாளாவது சோத்துக்குக் கணக்குச் சொன்னேனா?" என்றார். குரலில் அடிபட்டது தெரிந்தது.

"நீங்க சொல்லல மச்சான். சொல்லாததுதான்…"

"சொல்லாததுதான் என்ன?"

மல்லிகாதான் அண்ணனைப் பார்த்துச் சொன்னாள். "காசு குடுத்தா நீ வாங்க மாட்ட. குடுக்காட்டி அவரு எழுத மாட்டாரு. உங்க ரெண்டு பேரு ரோஷத்துக்கு நடுவுல நான் எந்தக் கணக்குலயும் இல்ல."

கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். செருப்பு மாட்டிக்கொண்டிருந்த என்னிடம் தணிந்த குரலில் சொன்னாள்:

"அடுத்த வாரம் வாழைப்பழம் வேணாம். அரிசி கொண்டாங்க."

அரிசி ஏற்றுமதி

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஐந்து கிலோ அரிசிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஃபெரி ஏறினேன். முந்தின நாள் கடையில் அதைப் பார்த்துவிட்டு ராதா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அண்ணே, வயல் இருக்கிறது அந்தப் பக்கம். நீங்க இங்கேருந்து அரிசி ஏத்திட்டுப் போறீங்களா? தண்ணியும் ரெண்டு போத்தல் எடுத்துக்குங்க லா, கடல்ல கிடைக்காது."

மச்சான் வீட்டில் பையை இறக்கி வைத்தபோது அவர் நாளிதழிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். பார்வை பையிலிருந்து என் முகத்துக்கு வந்தது. இந்தப் பக்கம் வராதே என்று சொல்லிவிடுவாரோ?

மல்லிகா அவருக்கு நேரமே கொடுக்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு நேராக அடுப்படிக்குப் போய், வாயைக் கிழித்து, அந்த வீட்டு அரிசி டின்னிலேயே கொட்டினாள். சரசரவென்று சத்தம் கூடம்வரை கேட்டது. இனி எது யாருடைய அரிசி என்று பிரிக்க முடியாது.

மத்தியானம் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். மச்சான் இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டார். "அரிசி பரவால்ல" என்று தட்டைப் பார்த்துச் சொன்னார். அவர் சம்மதம் அவ்வளவுதான் நீளம்.

நான்கு ஞாயிற்றுக்கிழமை அரிசி போனது. ஒரு வாரம் சமையல் எண்ணெயும் போனது. ரசீதுகளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தேன். சாயங்காலச் சாப்பாட்டைக் குறைத்துத்தான் வாங்கினேன். ஆனால் அந்த நான்கு வாரமும் பசித்ததாக நினைவில்லை.

நான்காவது ஞாயிறு மல்லிகா அவளாகவே பேனாவை எடுத்தாள். "இப்பப் போடலாம். இப்ப உண்மை" என்று சொல்லிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டாள். பிறகு கேட்டாள்: "அந்த ஆபீசுக்கு நானும் வரவா?"

கோப்பில் இருந்த வரி

ஒரு புதன்கிழமை காலையில் வந்தாள். இரண்டு வருடத்தில் அவள் தீவுக்கு வந்தது அன்றுதான். நல்ல சேலை கட்டிக்கொண்டு, கல்யாணச் சான்றிதழைப் பையில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

இம்முறை மேசையில் ஓர் அம்மா இருந்தார். மலாய்க்காரர், எங்கள் வயதுதான் இருக்கும். என்னைப் 'பாக்சிக்' என்றும் அவளை 'மாக்சிக்' என்றும் மாமா அத்தை முறையில் மரியாதையாகக் கூப்பிட்டார். அவர் மலாயில் பேசினார். மல்லிகா புரிந்து பதில் சொல்ல, எனக்குப் பாதி புரிந்தது. கோப்பைப் புரட்டிய அம்மா புருவத்தைச் சுருக்கினார்.

"நீங்கள் இருவரும் பிரிந்து வாழ்பவர்கள் என்றல்லவா இதில் இருக்கிறது?"

மல்லிகா எட்டிப் பார்த்தாள். அந்த இளம் அதிகாரி தலையைக் குனிந்து எழுதியது அதுதான். 'மனைவியிடமிருந்து பிரிந்து வாழ்கிறார்.' நான் அண்ணன் வீட்டில் இருக்கிறாள் என்று சொன்னதும், அதற்கு மேல் கேட்டு என்னை நோகடிக்க வேண்டாம் என்று அந்தப் பிள்ளை நினைத்திருக்கிறது. அவர்மேல் குற்றமில்லை. நான் முழுசாகச் சொல்லவில்லை.

மல்லிகா என் பக்கம் திரும்பவில்லை. மேசைக்கு அடியில் அவள் கை என் முழங்கையைப் பிடித்தது. வலிக்கிற மாதிரி பிடித்தது.

"பிரியல" என்று அந்த அம்மாவிடம் சொன்னாள். "வீடு இல்ல. அவ்வளவுதான்."

நான் அவசரமாகப் பிளாஸ்டிக் உறையைத் திறந்தேன். அரிசி ரசீது, எண்ணெய் ரசீது, கையெழுத்துப் போட்ட கடிதம் என எல்லாவற்றையும் மேசையில் பரப்பினேன். அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு ஒன்று சேர்த்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"பாக்சிக், இதெல்லாம் வேண்டாம். சான்றிதழ் இருக்கிறது. அவருக்கு வருமானம் இல்லை. எங்கே சாப்பிட்டாலும் மனைவி மனைவிதான். முதல் நாளே ஒன்று என்று எழுதியிருக்கலாமே?"

மல்லிகா அதைத் தமிழில் எனக்குச் சொல்லவில்லை. அவள் சொல்லாமலே புரிந்தது. இரண்டு வருடத்துக்கு மேல் மாதா மாதம் நானூறு. நெத்திலி வாசனைக்குப் படியில் உட்கார்ந்த சாயங்காலங்கள். ஒன்று என்று எழுதியிருந்தால் முதல் வருடமே ஒரு சின்ன வீடு எடுத்திருக்கலாம். யாரும் என்னைத் தடுக்கவில்லை. என் பேனாதான் தடுத்தது.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தோம். மல்லிகாதான் பேசினாள்.

"அப்ப அந்த நாலு மூட்டை அரிசி சும்மா தூக்கினீங்களா?"

"ஆமா."

"எனக்குச் சும்மா இல்ல" என்றாள். பிறகு பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டாள்.

வராதீங்க

ஒரு மாதத்துக்கு மேலாயிற்று கடிதம் வர. பழுப்பு உறை. கடையின் பின்கட்டில் ராதாதான் பிரித்தாள். நானூறு, இருநூற்றைம்பது ஆகியிருந்தது.

நான் நூற்றைம்பதுக்கு வரும் என்று கணக்குப் போட்டிருந்தேன். வாடகை அறுநூற்றைம்பது, வீட்டிலேயே சமைத்தால் இரண்டு பேர் சாப்பாடு நானூற்றைம்பது, மின்சாரம், தண்ணீர், மோட்டாருக்கு எண்ணெய், கைப்பேசி. எப்படிக் கூட்டினாலும் நூறு வெள்ளி துண்டு விழுந்தது. அந்த ஜெலுத்தோங் ஃபிளாட் ராதாவின் சித்தியுடையது. சித்தியும் எனக்காக எவ்வளவு நாள்தான் பூட்டி வைத்திருப்பார்?

மல்லிகாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அந்தப் பக்கம் எங்கோ சேவல் கூவியது.

"நூறு இடிக்குது, மல்லி."

"ம். சரி. வர்ற ஞாயித்துக்கிழமை நீங்க வராதீங்க."

"சரி" என்று வைத்துவிட்டேன்.

ஏன் என்று கேட்கவில்லை. கேட்கப் பயம். வியாழன் ஒன்றாக, வெள்ளி ஒன்றாகக் காரணங்கள் முளைத்தன. போதும் என்று முடிவு கட்டிவிட்டாள். மச்சான் ஏதோ சொல்லிவிட்டார். பிரிந்து வாழ்கிறார் என்ற அந்த வரி இப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்கிறது. சனிக்கிழமை ஒரு பட்டுச் சேலையைத் தலைகீழாக மடித்து அட்டையில் சுற்றிவிட்டேன். ராதா பிடுங்கிக்கொண்டாள்.

"என்னாண்ணே, ஆளே சரியில்ல?"

சொன்னேன்.

"ஏன்னு கேக்கலையா?"

"கேக்கல."

"நீங்க ஒரு ஆளு லா! மூணு நாளா இதை வயித்துல கட்டிக்கிட்டா நிக்கிறீங்க?" என்று என் கைப்பேசியை எடுத்து அவளே அழைத்து என் காதில் வைத்தாள்.

"மல்லி… நாளைக்கு ஏன் வர வேணாம்னு சொன்ன?"

"நான் வர்றேன்ல, நீங்க எதுக்கு வரணும்? ரெண்டு ஃபெரியும் நடுக்கடல்ல தாண்டும்போது கை காட்டிக்கவா?"

நான் சேலைக் குவியலின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"நூறு…?"

"தையல் எடுப்பேன். அண்ணியோட பழைய மெஷினைக் கேட்டிருக்கேன், அண்ணன் லோரியில போட்டு அனுப்பறேன்னாரு. அந்தக் காசு வந்தா அதையும் பாரத்துல எழுதுங்க. மறைக்காதீங்க. ஆனா ஒண்ணு, தையல் காசு வருதுன்னு மறுபடி எனக்கு சைபர் போட்டீங்க, அப்புறம் நடக்கறதே வேற."

மறுநாள் காலை ஏழு மணிக்கே, ராதா சித்தியிடம் வாங்கிக் கொடுத்த ஃபிளாட் சாவியோடு படகுத்துறையில் போய் நின்றேன். அவள் வருவது பத்துக்கு. ஒவ்வொரு ஃபெரியாக வந்து இடித்து நின்று ஆட்களை உமிழ்ந்தது. சைக்கிள்காரர்கள், பை மாட்டிய சுற்றுலாக்காரர்கள், தூங்கும் குழந்தையைத் தோளில் போட்ட அப்பாக்கள். ஒவ்வொரு தடவையும் எல்லாரும் இறங்கி முடியும்வரை எழும்பி எழும்பிப் பார்த்தேன். ஒன்பது ஐம்பதுக்கு வந்ததில் அவள் இல்லை. அதற்கு அடுத்ததில் கடைசி ஆளாக வந்தாள், இரண்டு கையிலும் பையோடு, யாரையோ "கொஞ்சம் வழி விடு தம்பி" என்று தள்ளிக்கொண்டு.

"ரயில் லேட்டு" என்றாள். கனமான பையை என்னிடம் நீட்டினாள். "மோட்டார் எங்க?"

ஒரு பையை முன்னால் வைத்துக்கொண்டேன். இன்னொன்றை மடியில் வைத்து அவள் பின்னால் உட்கார்ந்தாள். பெங்காலான் வெல்ட் சாலையில் முதல் சிவப்பு விளக்கில் நின்றோம். அவள் மோவாய் என் தோளுக்குப் பக்கத்தில் வந்தது.

"வாடகை எத்தனாந் தேதி கட்டணும்?"

"ஒண்ணாந் தேதி."

"ஆபீசுக்கு?"

"ஏழாந் தேதி."

"ம்" என்றாள். பின்னால் அவள் விரல்விட்டு எண்ணுவது என் முதுகில் பட்டது. இத்தனை மாதமும் அந்தத் தேதிகளை நான் ஒருவனாகவே எண்ணிக்கொண்டிருந்தேன்.

"சமாளிச்சிடலாம், போங்க" என்றாள். விளக்கு பச்சையானது.